வாய்க்காலும் கோபுரமும்

எங்கள் பக்கத்து வெள்ளாமைக்காரர்கள் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று முதலில் விசாரிப்பதில்லை. வாய்க்காலின் கடைக்கோடி வயலுக்குத் தண்ணீர் ஏறிவிட்டதா என்றுதான் விசாரிப்பார்கள். குளம் நிறைந்து வழிந்தாலும், தலைப்பிலுள்ளவர் தன் மடையைத் திறந்தே விட்டிருந்தால் கடைக்கோடியில் பயிர் கருகிப் போகும். சேனநாயக்க சமுத்திரத்தின் நீர்மட்டத்தைப் பத்திரிகையில் படித்துவிட்டு இங்கே எவரும் பசளை வாங்குவதில்லை.

இணையத்தைப் பற்றி எழுதப் புகுந்தவன் தண்ணீரில் தொடங்குவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இருபது வருடங்களாக இணையம் பற்றி எங்களுக்குச் சொல்லப்படுவதெல்லாம் குளத்துக் கணக்குத்தான். எத்தனை கோபுரங்கள் எழும்பின, எத்தனை கிலோமீற்றருக்குக் கண்ணாடி இழை புதைக்கப்பட்டது, சனத்தொகையில் எத்தனை வீதத்தினருக்கு அலை எட்டுகிறது என்பவை அந்தக் கணக்கின் வரிகள். அவை பொய்யென்று நான் சொல்லவரவில்லை. அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு, கல்முனைக்கு மேற்கே வயல்வெளிக்குள் இருக்கும் சிறிய பாடசாலையொன்றில் பதினெட்டு வருடங்களாகப் படிப்பித்து வருகிறேன். எனக்குத் தெரிந்தது கடைக்கோடியின் கணக்கு. அதையும் யாராவது எழுதி வைக்கத்தானே வேண்டும்.

நான் வசிப்பது கரையோரத்தில். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் ஊருக்கும் ஊருக்கும் இடையில் வெற்றுநிலம் அரிது. மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள். இப்படியான இடத்தில் ஒரு கோபுரத்தை நட்டால் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர் அதன் நிழலிலேயே இருப்பார்கள். எனவே கம்பனிகள் அழைக்காமலே வந்தன. மோட்டார் சைக்கிளில் மேற்கே திரும்பி அரை மணி நேரம் ஓடினால் நிலைமை மாறிவிடும். வீடுகள் ஐதாகும், வயல் விரியும், கைத்தொலைபேசியின் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறையும். பாடசாலை வாசலில் ஒரு கோடு நிற்கும். வகுப்பறைக்குள் அதுவும் போய்விடும். கம்பனிக்காரரைக் குறை சொல்லவும் வழியில்லை. ஒரே விலைக் கோபுரம் இங்கே நூறு வீடுகளுக்கும் அங்கே மூவாயிரம் வீடுகளுக்கும் என்றால், வியாபாரி எங்கே நடுவான்?

தூரத்துக் குரலுக்கான தாகம் எங்களுக்குப் புதியதல்ல. தென்னாசியாவின் முதலாவது கையடக்கத் தொலைபேசிச் சேவை 1989இல் இலங்கையில்தான் தொடங்கியது. வர்த்தக ரீதியான இணையம் 1995இல் வந்தது. இரண்டும் நெடுங்காலம் கொழும்பின் விஷயங்களாகவே இருந்தன. அந்த நாட்களில் எங்கள் வாப்பா சவூதியில். அவருடைய குரல் வீட்டுக்கு வந்தது கசட்டில். ஊருக்கு வரும் யாராவது ஒருவரின் பெட்டிக்குள் இருந்து அந்தக் கசட் வெளியே வரும். உம்மா அதைப் போட்டுவிட்டு, பதில் சொல்ல வேண்டிய இடங்களில் நிறுத்தி நிறுத்தி அழுவார். பிறகு எங்கள் முறைக்கு நாங்கள் பேசிப் பதிந்து அனுப்புவோம். அவசரமென்றால் கல்முனைக் கடைத்தெருவில் ஏதாவதொரு கொமியூனிகேஷனில் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வாங்கில் காத்திருப்போம். சுவரில் நிமிடத்துக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கும். உம்மாவின் கண் பேசும்போதும் அந்த எழுத்திலேயே இருக்கும்.

அந்த நிமிடங்களுக்கு இன்னொரு கதையும் உண்டு. வெளிநாட்டு அழைப்புகளில் டெலிகொம்முக்கு இருந்த தனியுரிமை 2002இல் முடிவுக்கு வந்தது. 2003இல் பல நிறுவனங்களுக்கு வெளிநாட்டுத் தொடர்பு நடத்த அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது. அதோடு வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு ஒரு அறவீடும் வந்தது. 2004ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தில் அது இடம்பெற்றது. தொலைத்தொடர்பு எட்டாத கிராமங்களுக்கு அதைக் கொண்டு செல்வதற்காகவே அதில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. அப்படியான கிராமங்களில் முதலிடும் கம்பனிகள் அந்தப் பங்கில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம் என்பது ஏற்பாடு.

ரியாத்திலும் தோஹாவிலும் குவைத்திலும் இருந்து எங்கள் கரைக்குப் பேசிய ஒவ்வொரு வாப்பாவும், ஒவ்வொரு உம்மாவும் தமக்குத் தெரியாமலே இந்த நாட்டின் கிராமக் கோபுரங்களுக்குச் சந்தா கட்டியிருக்கிறார்கள். சாரதியின் வியர்வையிலும் வீட்டுப் பணிப்பெண்ணின் தூக்கமற்ற இரவிலும் இருந்து வந்த சந்தா அது. இணையத்தை யாரோ எங்களுக்குத் தருமம் செய்வதாகப் பேசும் மேடைகளில் உட்கார நேரும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். பின்னர் இமோவும் வட்ஸ்அப்பும் வந்து அழைப்புகளை இணையத்துக்குள் இழுத்துக்கொண்டன. அழைப்பு நிமிடம் குறைந்தால் அறவீடும் குறையும். எங்கள் வீடுகளுக்குள் இணையம் முதலில் நுழைந்ததும் இந்த வாசலால்தான். படிப்புக்காக அல்ல, கடல் கடந்திருக்கும் முகத்தைப் பார்ப்பதற்காக.

அரசாங்கத்தின் பெரிய முயற்சி 2004இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய இ-ஸ்ரீலங்கா திட்டம். அதன் கீழ் நாடு முழுவதும் ஆயிரம் நெனசல நிலையங்கள் என்பது இலக்கு. விகாரை, பள்ளிவாசல், கோயில், தேவாலயம், பொது நூலகம் என்று சனங்கள் ஏற்கனவே கூடும் இடங்களில் கணினிகளை வைத்தார்கள். வீட்டுக்கு வீடு கணினி கனவாக இருந்த காலத்தில் அது நல்ல யோசனைதான். 2014இல் கேட்ஸ் மன்றம் இத்திட்டத்துக்குப் பத்து இலட்சம் டொலர் விருதும் கொடுத்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் எங்கள் பாடசாலைக்கு அருகிலும் ஒரு பொது அமைப்பு கணினி நிலையம் திறந்தது. நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், சிற்றுண்டி தந்தார்கள். ஐந்து கணினிகள். இரண்டு வருடம் பிள்ளைகள் போய் வந்தார்கள். அங்கே இருந்த இளைஞனுக்குக் கொடுத்துவந்த சிறு தொகை நின்றதும் அவன் கட்டாருக்குப் போய்விட்டான். மழைக்காலத்தில் கூரை ஒழுகி ஒரு கணினி பழுதானது. திருத்துவது யார் என்று கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பெயர்ப்பலகை மட்டும் வெகுகாலம் நின்றது. கணினி வாங்கப் பணம் ஒதுக்கியவர்கள், கணினிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆளுக்குப் பணம் ஒதுக்கவில்லை. நான் சொல்ல வந்த விஷயத்தில் முக்கால்வாசி இந்த ஒரு வசனத்துக்குள் அடங்கிவிடும்.

ஆள் இருந்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்கு இந்த நாட்டிலேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன. ஒன்று கொத்மலை. 1999இல் யுனெஸ்கோவின் உதவியோடு கொத்மலைச் சமூக வானொலிக்கு ஓர் இணையத் தொடர்பு கிடைத்தது. வேகம் 64 கிலோபிட். இன்றைய கைத்தொலைபேசி அதைப் பார்த்துச் சிரிக்கும். அந்த ஒற்றை நூலை அவர்கள் பயன்படுத்திய விதம்தான் முக்கியம். நேயர்கள் தபாலிலும் தொலைபேசியிலும் கேள்வி அனுப்புவார்கள். நிலையத்தில் உள்ளவர்கள் இணையத்தில் தேடி, கிடைத்ததைத் தம் மொழியில் எளிமையாக்கி ஒலிபரப்பில் சொல்வார்கள். கணினியைக் கண்ணால் காணாத குடியானவனும் இணையத்திடம் கேள்வி கேட்டான், பதிலும் பெற்றான்.

மற்றது அநுராதபுர மாவட்டத்தின் மகாவிலச்சிய. வில்பத்துக் காட்டோரக் கிராமம். 1998இல் நந்தசிறி வன்னிநாயக்க என்ற ஆங்கில ஆசிரியர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஹொரைஸன் லங்கா, சில வருடங்களில் கிராமத்து வீடுகளைக் கம்பியில்லாத் தொடர்பால் இணைக்கும் அளவுக்கு வளர்ந்தது. இ-கிராமம் என்று அதை உலகம் பேசியது. அங்கே முதலில் வந்தது கோபுரமல்ல, ஓர் ஆசிரியர். அவரைச் சுற்றிப் பிள்ளைகள் கூடினார்கள். தொடர்பு அவர்களைத் தேடி வந்தது.

எங்கள் கிராமத்துக்குப் பரீட்சை வந்தது 2020இல். மார்ச் 13ஆந் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. இனிப் படிப்பு வட்ஸ்அப்பிலும் ஸூமிலும் என்றார்கள். கல்வியமைச்சின் இ-தக்சலாவ தளத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்றார்கள். என் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவர்கள் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டிலும் ஏழு இலக்கங்கள் வாப்பாமாருடையவை. நான் காலை எட்டு மணிக்கு அனுப்பும் பாடத்தைப் பிள்ளை இரவு எட்டு மணிக்கு, வாப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் பார்க்கும்.

வாய்க்கால் கட்டில் ஓரிடத்தில் மட்டும் அலை சற்றுத் தெளிவாகக் கிடைத்தது. பின்னேரங்களில் அங்கே பெடியன்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கட்டு இல்லை. அவர்கள் வீட்டுக் கூரையோரத்திலும் மாமரத்தடியிலும் நின்று பார்த்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு பயன்படுத்தும் டேட்டா மலிவு என்பதால் சில வீடுகளில் பிள்ளைகள் ஒரு மணிக்கு எழும்பிப் பாடத்தை இறக்கி வைத்துவிட்டுப் படுப்பார்கள். தஹஜ்ஜத்துக்கு எழும்பும் மூத்தம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "சேர், நான் தொழ எழும்புற நேரம் இவன் ஃபோனோட இரிக்கான். ஏசினா பாடம் வருது எண்டு செல்றான். உண்மையா சேர்?" உண்மைதான் என்றேன். அவர் நம்பினாரோ தெரியாது.

2021இல் ஊவாப் பக்கத்து போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளின் செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளில் படத்தோடு வந்தது. காட்டு வழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, பாறை உச்சியில் ஏறி, அங்கே கிடைக்கும் அலையில் பாடம் பார்த்தார்கள். அவர்களுடைய ஆசிரியையும் அப்படியே ஏறித்தான் பாடத்தை அனுப்பினார். சிங்களப் பிள்ளைக்குப் பாறை, எங்கள் பிள்ளைக்கு வாய்க்கால் கட்டு. இந்த விஷயத்தில் கடைக்கோடிக்கு இனமில்லை.

என் வகுப்பில் அப்போது தரம் 10இல் ஒரு பிள்ளை இருந்தாள். கணிதத்தில் கெட்டிக்காரி. கரும்பலகையில் நான் இரண்டாவது வரி எழுதும்போது விடையைச் சொல்லிவிடுவாள். குழுவில் அவளைக் காணவில்லை. முகக்கவசத்தோடு வீட்டுக்குப் போனேன். வாப்பா உழவு மெஷின் ஓட்டுபவர். முற்றத்தில் கதிரை போட்டுவிட்டுச் சொன்னார்: "சேர், ஃபோன் ஒண்டுதான். அத ஊட்ட வெச்சிட்டுப் போனா எனக்கு வேல வராது. வயல்காரர் கூப்பிர்றது இதுலதான். புள்ளக்கிப் படிப்பு வேணும். அதுக்கு மொதல்ல சோறும் வேணுமே."

நான் என்ன மறுமொழி சொல்ல? அந்த வீட்டில் கைத்தொலைபேசி என்பது மண்வெட்டி மாதிரி ஒரு தொழிற்கருவி. மகளுக்குக் கொடுத்தால் அன்றைய கூலி போய்விடும். இன்னொன்று வாங்கலாமென்றால் இரண்டு மாதச் சம்பாத்தியம். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "பொம்புளப் புள்ளட கையில இதக் குடுக்கவும் பயமா இரிக்கி சேர்" என்றார். அந்தப் பயத்தை நான் சிரித்து ஒதுக்கத் தயாரில்லை. தனக்கே விளங்காத ஒரு பொருளை மகளின் கையில் தனியாகக் கொடுக்க ஒரு தகப்பன் தயங்குகிறான். அவனிடம் முற்போக்குப் பிரசங்கம் செய்வது சுலபம். பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுக்க ஓர் ஆளைத் தருவதுதான் கடினம்.

பாடங்களை அச்செடுத்து, சந்திக் கடையில் ஒரு பெட்டியில் வைத்துவிட்டு வருவேன். பிள்ளைகள் சாமான் வாங்க வரும்போது எடுத்துப் போவார்கள். அவளும் எடுத்தாள். சில கிழமைகள் விடைத்தாள் திரும்பி வந்தது. ஊரடங்கு இறுகிய காலங்களில் அதுவும் நின்றது. 2021 ஜூலை 12இல் தொடங்கி ஒக்டோபர் வரை, சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர் சங்கங்கள் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகியிருந்தன. இருபத்துநான்கு வருடப் பிரச்சினை அது. போராட்டத்தின் நியாயத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. டேட்டாவுக்கும் அச்சுக்கும் சொந்தப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் பெரிய தளங்களில் நடந்த அந்த இழுபறியின் கீழே, ஏற்கனவே பாடம் எட்டாத பிள்ளைக்கு மாதங்கள் கழிந்துகொண்டிருந்தன. 2021ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதம் நடந்தது. அவள் தோற்றவில்லை. அந்த வருடமே அவளுக்கு நிக்காஹ் முடிந்தது. நல்ல மாப்பிள்ளை, நல்ல குடும்பம். அதில் குறையில்லை. கரும்பலகையின் இரண்டாவது வரியில் விடை சொல்லும் அந்தக் குரல் மட்டும் வகுப்பில் இல்லை.

அதே 2022இல் நாடு கவிழ்ந்தது. மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றது. மின்சாரம் நின்று நீண்டால் கோபுரமும் ஓயும். செப்டெம்பரில் கைத்தொலைபேசிக் கட்டணம் 20 வீதம் உயர அனுமதி கிடைத்தது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. அலை எட்டுகிறது என்ற குளத்துக் கணக்கில் இவை எதுவும் தெரியாது. அலை எட்டிய வீட்டில் ரீலோட் போடக் காசில்லையென்றால் அது எட்டாத அலைதான்.

வேகம் மட்டும் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு 2018ஐ நினைவூட்ட வேண்டும். பெப்ரவரி 26ஆந் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவுக் கடையில் உணவுக்குள் ஏதோ கட்டி கிடந்தது. மலட்டு மாத்திரை என்று கூச்சலிட்டார்கள். சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரர் பயத்தில் தலையாட்டியதை வீடியோ எடுத்து முகநூலில் விட்டார்கள். கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் சொன்னது. ஆனால் வீடியோ அதற்கு முன்பே நாடு சுற்றிவிட்டது. அடுத்த மாதம் திகன எரிந்தது. அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது. தன் தளம் துஷ்பிரயோகம் செய்யப்பட்டதற்கு முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. எங்கள் கரையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய நகரத்தில் நடந்த கதை இது. பொய்க்கும் அதே வேகம்தான் கிடைக்கிறது. வந்த செய்தியை நிறுத்தி, இது யார் சொன்னது, எப்போது எடுத்த படம் என்று கேட்கப் பழக்குவதற்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோது எங்கள் கரையில் எத்தனையோ வீட்டு அலமாரிகள் போயின. நான் சேர்த்து வைத்திருந்த சிற்றிதழ்கள் களிமண் கட்டிகளாகக் கிடந்தன. சரியாக அடுத்த வருடம், 2005இல், நூலகம் என்ற எண்ணிம நூலகம் தொடங்கியது. இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏற்றினார்கள். களிமண்ணாய்ப் போன என் இதழ்களில் சிலவற்றைப் பல வருடங்களுக்குப் பிறகு அங்கே கண்டேன். அட்டையிலிருந்த கோட்டோவியத்தைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது. 1882இல் சித்திலெப்பை முஸ்லிம் நேசனை நடத்தியதையும் 1885இல் அஸன்பே கதையை அச்சிட்டதையும் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு, அந்தப் பழைய எழுத்துலகத்தின் பக்கங்களைத் திரையில் காட்ட முடிகிறது. ஆனால் நூலகம் என்ற பெயரை அவர்களுக்கு முதலில் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. தேடினால் கிடைக்கும் என்பார்கள். இருக்கிறதென்றே தெரியாததை எப்படித் தேடுவது?

மீண்டும் தண்ணீருக்கு வருகிறேன். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்கள் முப்பது வருடங்களுக்குள் சிதைந்துபோயின. தலைப்பில் சிங்களக் கமக்காரர், கடைக்கோடியில் பெரும்பாலும் தமிழ் பேசுபவர். தண்ணீருக்காக மண்வெட்டி தூக்கிய கதைகள் ஏராளம். 1981இல் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, படித்த இளைஞர் யுவதிகளை ஒழுங்கமைப்பாளர்களாகக் கிராமங்களில் குடியமர்த்தின. அவர்கள் கொங்கிறீட் கொண்டுவரவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். ஒரே வயல்வாய்க்காலின் கமக்காரரை ஒன்றாக உட்கார வைத்தார்கள். வாய்க்கால் திருத்தி முடிப்பதற்கு முன்பே சனங்கள் தாமாகச் சகதி அள்ளினார்கள், முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். தலைப்பிலுள்ளவர்கள் மடையை அடைத்துக் கடைக்கோடிக்குத் தண்ணீர் அனுப்பினார்கள். அதை நேரில் இருந்து ஆராய்ந்த நோர்மன் அப்ஹொஃப் 1992இல் கல்லோயாவிலிருந்து கற்றவை பற்றி ஒரு நூலே வெளியிட்டார். எங்கள் மண்ணில் நடந்த பாடத்தை உலகம் படித்தது. நாங்கள் படித்தோமா?

இப்போது வானத்திலிருந்தே இணையம் வருகிறது. ஸ்டார்லிங்க் 2024இல் அனுமதி பெற்று 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. இனி எந்தக் காட்டிலும் வேகம் கிடைக்கும் என்பது மெய். ஆனால் மாதக் கட்டணம் பத்தாயிரம் ரூபாவுக்கு மேலே. உழவு மெஷின்காரர் அதைக் கட்டப்போவதில்லை. தனித்தனி வீட்டால் முடியாததைப் பொதுவான ஓரிடத்தால் முடியும். ஒவ்வொரு சட்டைப்பைக்கும் வேகத்தைக் கொடுப்பதற்கு முன்னால், ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு கதவைத் திறந்து வையுங்கள் என்பதுதான் என் வாதம். பாடசாலை நூலக அறையாக இருக்கட்டும், பொது நூலகமாக இருக்கட்டும், அந்தக் கதவுக்குள் சம்பளம் பெறும் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

எங்கள் பாடசாலையில் இதைச் சிறிய அளவில் செய்து பார்க்கிறோம். 2023இல் தோஹாவிலுள்ள பழைய மாணவர் ஒருவர் மாதக் கட்டணத்தை ஏற்றார். அதிபர் நூலக அறையைத் தந்தார். கூரையில் அன்ரனாவை உயர்த்திக் கட்டியதும் அலை உள்ளே வந்தது. பழைய மடிக்கணினிகள் நான்கு. பின்னேரம் இரண்டரை முதல் ஐந்தரை வரை. உயர்தரம் முடித்த இவ்வூர்ப் பெண்பிள்ளை ஒருவர் பொறுப்பாக இருக்கிறார். அவர் இருப்பதால்தான் பெண்பிள்ளைகள் வருகிறார்கள். "ராத்தா இரிக்கா, உம்மா போகச் சென்னா" என்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரும் பிள்ளைகளை நான் எண்ணுவதுண்டு. பெடியன்களைவிட அதிகம்.

அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வந்தது. ஆளுக்கு இருநூறு ரூபா என்றதும் சனம் மௌனமானது. பின்வரிசையிலிருந்து வயதான வெள்ளாமைக்காரர் ஒருவர் எழும்பினார்: "அந்தக் காலம் வட்டவிதானைக்கி நெல்லுத்தானே குடுத்த நாம. தண்ணி முறய அவர்தானே பாத்த. இந்தப் புள்ளக்கும் வெள்ளாம வெட்டினா ஊட்டுக்கு ஒரு மரைக்கால் குடுப்பம்." கூட்டம் சிரித்தது, பிறகு ஒத்துக்கொண்டது. இரண்டு போகமாக நெல் வருகிறது. எல்லா வீட்டிலிருந்தும் அல்ல, முக்கால்வாசி வீட்டிலிருந்து. அதை விற்று வரும் பணம் ஒரு கடைச் சிப்பந்தியின் கூலிக்கும் குறைவு.

இதை ஒரு வெற்றிக் கதையாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தோஹாவில் வேலை போனால் இணைப்புப் போகும். வெள்ளம் வந்தால் நெல் போகும். பொறுப்பாயிருக்கும் பிள்ளைக்கு அரச நியமனமோ நல்ல சம்பந்தமோ வந்தால் அவரும் போவார், போகவும் வேண்டும். சனங்களின் நெல்லிலும் வெளிநாட்டிலிருப்பவரின் தயவிலும் தொங்குகிற ஒன்றை அமைப்பு என்று சொல்ல முடியாது. அறவீட்டுப் பணத்தில் ஒரு துளியை, கோபுரத்துக்கு அல்ல, கிராமத்துக்கு ஓர் ஆள் என்று ஒதுக்கினால் போதும். 1981இல் தண்ணீருக்கு அப்படி ஆட்களை அனுப்ப முடிந்த நாடு இது.

நான் மேலே சொன்ன பிள்ளையின் தங்கச்சி இப்போது தரம் 9இல் படிக்கிறாள். அக்காவைப் போல் வேகமில்லை, ஆனால் விடாப்பிடி. கிழமையில் நான்கு நாள் அந்த அறைக்கு வருகிறாள். போன மாதம் வாப்பா தானே மெஷினை நிறுத்திவிட்டு வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப்பார்த்து, ஒன்றும் கேட்காமல் திரும்பினார். அவள் சாதாரண தரம் எழுத இன்னும் இரண்டு வருடங்கள் இருக்கின்றன. பெரும்போகம், சிறுபோகம் என்று கணக்கிட்டால் நான்கு அறுவடை.